பழைய துப்பாக்கிக்குச் செய்த கூடுகள்

மன்னிப்புக் கடிதம் இங்கிலீஷில் இருந்தது. ஒரே பக்கம். அழகாக டைப் அடித்து, கீழே என் பெயருக்கு மேல் ஒரு கோடும் போட்டு வைத்திருந்தார்கள். இராயப்பன் ஆகிய நான் என் கவனக்குறைவால் கிளப்புக்குத் தோல்வியும் திரு. பரமநாதன் அவர்களுக்கு அவமானமும் ஏற்படக் காரணமாக இருந்ததற்கு வருந்துகிறேன் என்று அதில் எழுதியிருந்தது. கையெழுத்துப் போட்டால் வேலை இருக்கும். போடாவிட்டால் மாதக் கடைசியோடு வீட்டுக்குப் போகலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கமிட்டி கூடும்போது பேனாவோடு வந்தால் போதும் என்றார் செயலாளர் வில்லியம். பேனா என் பையிலேயே இருந்தது. கைதான் வரவில்லை.

இது நடந்தது 1979இல். பினாங்கில் ஒரு துப்பாக்கி கிளப்பில் நான் தோட்டா செய்கிறவன். அதற்கு முன்னால் பதினைந்து வருடம் பட்டர்வொர்த்தில் ஒரு பட்டறையில் கடைசல் வேலை பார்த்தேன். வீடு பாகான் டாலாமில். தினமும் ஃபெரியில் வந்து போவேன். கிளப்புக்குப் போலீஸ் அனுமதி உண்டு. வெடிமருந்து இரும்பு அலமாரியில் இருக்கும், அதன் சாவி ஆயுத அறையைப் பார்த்துக்கொள்ளும் அப்துல் ரசாக் அண்ணனிடம் இருக்கும். அவர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு ஒரு மேசை கொடுத்திருந்தார்கள், நாற்காலி கொடுக்கவில்லை. உறுப்பினர்கள் வந்து நிற்கும்போது நான் உட்கார்ந்திருந்தால் நன்றாக இராது என்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. நான் ஒரு சாராயப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

துப்பாக்கி சுட்டதும் குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பித்தளைக் கூடு மட்டும் மிஞ்சும். அந்தக் கூட்டைத் திரும்பச் சுடத் தகுந்ததாக ஆக்குவதுதான் என் வேலையில் முக்கால் பங்கு. மருந்தைப் பற்றவைத்து எரிந்துபோன கேப்பை அடியிலிருந்து தட்டி எடுத்து, அது உட்கார்ந்திருந்த குழியைச் சுரண்ட வேண்டும். சுடச் சுடப் பித்தளை நீளும். நீண்டதை வெட்டி எல்லாக் கூட்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெட்டிய வாயில் பிசிறு நின்றால் குண்டைக் கீறும், அதை வழிக்க வேண்டும். பல தடவை சுட்ட கூட்டின் கழுத்து இறுகிப்போகும், அதை நெருப்பில் காட்டி இளக்க வேண்டும். கழுத்தை மட்டும்தான். அடிப்பாகம் சூடேறி இளகிவிட்டால் சுடுகிறவனின் கண்ணுக்கே ஆபத்து. கடைசியில் ஒவ்வொன்றாகத் தராசில் வைத்து, எடை ஒத்துப்போகாததை ஒதுக்கிவிட வேண்டும். கூட்டில் மயிரிழை பேதம் இருந்தாலும் முந்நூறு மீட்டரில் அது உள்ளங்கை அகலத்துக்கு விலகிவிடும்.

இதெல்லாம் கிளப்பில் எல்லாருக்கும் தெரியும். தெரியாதது ஒன்று இருந்தது, தகராறு அதில்தான் வந்தது.

வெடிக்கும்போது பித்தளை உப்பி, துப்பாக்கியின் உள் அறைச் சுவரில் அப்பிக்கொள்ளும். வெளியே எடுத்தால் அந்த அறையின் அளவு கூட்டில் அப்படியே இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் இரண்டு துப்பாக்கிக்கு அறை ஒன்றுபோல் இராது. ஒருவர் போட்டுப் பழகிய செருப்பு அடுத்தவர் காலைக் கடிக்கிற மாதிரிதான். அதனால் நான் கூட்டின் உடம்பைத் தொடமாட்டேன். குண்டைப் பிடிக்கிற கழுத்தை மட்டும் ஓர் உருக்கு அச்சுக்குள் கொடுத்து இறுக்குவேன். அதைக் கழுத்து டை என்போம். முழு டை என்று இன்னொன்று உண்டு. அது கூட்டை முழுசாக நசுக்கிக் கடையில் வாங்கிய அளவுக்குக் கொண்டுவந்துவிடும். அப்படிச் செய்த கூடு எந்தத் துப்பாக்கியிலும் போகும். ஆனால் எதிலும் சரியாகப் பொருந்தி உட்காராது.

பரமநாதன் வக்கீல். கிளப்பின் உதவித் தலைவர். எங்கள் அணியில் முதல் ஆளும் அவர்தான், சுடத் தெரிந்தவர்தான், அதை நான் மறுக்கமாட்டேன். நாலு வருடமாக ஒரே துப்பாக்கி வைத்திருந்தார். அந்தத் துப்பாக்கிக்கென்று நூற்றைம்பது கூடுகளை நான் தேற்றி வைத்திருந்தேன். பெட்டி மேல் துப்பாக்கியின் நம்பர், எத்தனை தடவை சுட்டது, எந்தத் தேதியில் கழுத்தை இளக்கியது என்று எல்லாம் எழுதி ஒட்டியிருப்பேன். இரண்டு வருடம் தொடர்ந்து மாநிலங்களுக்கிடையிலான போட்டிக் கேடயம் எங்களுக்கு வந்தது. பேப்பரில் அவர் படம் வந்தது. கூட்டைப் படம் எடுத்துப் போட்டால் யார் பார்க்கப்போகிறார்கள், அதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை.

மூன்றாவது வருடப் போட்டிக்கு அதில் ஐம்பது கூட்டை நிரப்பிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நானும் போயிருந்தேன். பேரா மாநிலத்துக்காரர்கள் வந்திருந்தார்கள். வேடிக்கை பார்க்க ஒரு நாற்பது பேர் இருப்பார்கள். பரமநாதன் காரின் பின்பக்கத்தைத் திறந்து ஒரு துப்பாக்கியை எடுத்துவந்து சுடுகிற கோட்டில் படுத்தார். அது புதுசு.

பேராக்காரர்களை அசத்த வேண்டுமென்று ஒருவருக்கும் சொல்லாமல் வாங்கியிருக்கிறார். அக்கரையில் ஒரு மைதானத்தில் கடைத் தோட்டாவை வைத்து இரண்டு ஞாயிறு பழகியிருக்கிறார். பழையதை சுங்கை பாக்காப்பில் சுலைமான் என்கிற தோட்ட மேனேஜருக்கு விற்கப் பேசி முடித்தாகிவிட்டது. போலீஸ் அனுமதித் தாள் வரவில்லை என்பதால் அது எங்கள் ஆயுத அறையிலேயே இருந்தது. இவ்வளவும் எனக்குப் பிறகுதான் தெரியும். அந்த நேரத்தில் தெரிந்ததெல்லாம், நான் செய்த கூடு அந்தத் துப்பாக்கியில் போகாது என்பதுதான். சொல்வதற்கு ஓடினேன். கோட்டைத் தாண்ட வேலைக்காரனுக்கு அனுமதியில்லை என்று மைதான அதிகாரி தடுத்துவிட்டார்.

முதல் தோட்டாவை வைத்தார். அதை உள்ளே தள்ளி மூடுகிற போல்ட் ஒரு விரல் இடம் விட்டு நின்றுவிட்டது. அடுத்ததை வைத்தார். அதுவும் அப்படித்தான். மூன்றாவதை உள்ளங்கையால் அடித்து ஏற்றப் பார்த்தார், அது மாட்டிக்கொண்டது. நேரம் முடிந்து மணி அடித்தபோது அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. கேடயம் பேராவுக்குப் போனது.

எழுந்து வந்தவர் நேராக என்னிடம் வந்தார். "என்னடா செஞ்சு வச்சிருக்கே?"

"சார், இது புதுத் துப்பாக்கி. அந்தக் கூடு பழசுக்குச் செஞ்சது."

"வாய மூடு. குடிச்சிட்டு மேசையில உக்காந்தா இப்படித்தான்."

நாற்பது பேரும் கேட்டார்கள். நான் குடிப்பேன், சனிக்கிழமை ஒரு போத்தல் பீர், அதை ஒளித்துவைத்ததில்லை. ஆனால் பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட குடித்துவிட்டு அந்த மேசைக்குப் போனதில்லை. என்னை வேலை தெரியாதவன் என்று சொல்லியிருந்தால் நிரூபித்துவிட்டுப் போயிருப்பேன். குடிகாரன் என்று சொன்னதை எப்படி நிரூபித்து அழிப்பது? அன்றைக்கு எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் முழுசாக அடங்கவில்லை.

திங்கட்கிழமை கமிட்டி உத்தரவு வந்தது. நிரப்பிய ஐம்பதும் ஆபத்து, உடைத்துக் குப்பையில் போட வேண்டும். என் கையாலேயே உடைத்தேன். செவ்வாய்க்கிழமை அந்தக் கடிதம் வந்தது.

வீட்டில் என் மனைவி அமலம்மாளிடம் கடிதத்தைப் படித்துத் தமிழில் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க தப்பு செஞ்சீங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"அப்புறம் எதுக்கு அத இவ்வளவு தூரம் தூக்கிட்டு வந்தீங்க. அங்கேயே திருப்பிக் குடுத்துட்டு வரவேண்டியதுதானே."

"வேலை போயிடும்."

"போனா போவுது. நாளைக்கு கோயில்ல நாலு பேர் கேட்டா நான் என்ன சொல்றது, என் புருஷன் எழுதிக் குடுத்துட்டாருன்னா?" மீனைக் கொஞ்சம் வேகமாகக் கழுவினாள்.

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குப் போனேன். மேசையைச் சுற்றி ஐந்து பேர். நடுவில் தலைவர் சிவகுருநாதன், பல் டாக்டர், அதிகம் பேசாதவர். ஒரு பக்கம் பரமநாதன், மறுபக்கம் நோட்டோடு வில்லியம். வில்லியமும் நானும் ஒரே மாதா கோயிலுக்குப் போகிறவர்கள். அவர் முன் வரிசையில் உட்காருவார்.

"சைன் பண்ணியாச்சா?" என்றார் வில்லியம்.

"இல்ல சார். அதுக்கு முன்னாடி ஒன்னு காட்டணும். பத்து நிமிஷம் போதும்."

பரமநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். "நாம என்ன கோர்ட்டா நடத்துறோம்? சைன் பண்ணச் சொல்லுங்க லா."

"கோர்ட்லகூட ரெண்டு பக்கமும் கேப்பாங்க சார்," என்றேன்.

டாக்டர் காட்டுங்கள் என்பதுபோல் கையை அசைத்தார். அப்துல் ரசாக் அண்ணனிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். அவர் பழைய துப்பாக்கியையும் புதுசையும் கொண்டுவந்து, உள்ளே ஒன்றும் இல்லை என்று ஐந்து பேருக்கும் திறந்து காட்டிவிட்டு மேசைமேல் வைத்தார். நான் பெட்டியை வைத்தேன். நிரப்பாத மீதி நூறு கூடு அதில் இருந்தது. வெறும் பித்தளை, மருந்தில்லை, கேப்பில்லை.

"டாக்டர், நீங்களே ஒன்னு எடுங்க. நான் தொடல."

அவர் ஒன்றை எடுத்துப் பழைய துப்பாக்கியில் வைத்தார். போல்ட்டை ஒரு விரலால் தள்ளினார். மூடிக்கொண்டது. அதே கூட்டை எடுத்துப் புதுசில் வைத்தார். ஒரு விரல் இடம் விட்டு நின்றது. அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. பத்துக் கூடு எடுத்துப் பார்த்தார். பத்தும் பழசில் போயின, பத்தும் புதுசில் நின்றன. பிறகு கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பெட்டி மேல் ஒட்டியிருந்ததைப் படித்தார்.

"இது எந்தத் துப்பாக்கி நம்பர்?"

"பழசுங்க டாக்டர்," என்றார் அப்துல் ரசாக். "நாலு வருஷமா அதே நம்பர்தான் எழுதியிருக்கு."

எனக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். வக்கீல்களோடு பழகாதவன் அப்படித்தான் நினைப்பான்.

பரமநாதன் தொண்டையைச் செருமினார். "ஓகே. துப்பாக்கி மாறினது உண்மை. பட் ஒரு தோட்டான்னா எந்த ரைஃபிள்லயும் போகணும். முழு டையில போட்டிருந்தா போயிருக்கும். போட்டானா? இல்ல. அப்போ மெத்தட் தப்பு. ஐ வாண்ட் இட் இன் த மினிட்ஸ், எழுதிக்குங்க." சொல்லிவிட்டு வில்லியம் பக்கம் திரும்பித் தீர்மானத்தைச் சொல்ல ஆரம்பித்தார். கோர்ட்டில் பழகிய வாய், ஒரு சொல் பிசகாமல் வந்தது. கிளப்பின் மேசையில் உள்ள கூடுகள் அனைத்தும், விதிவிலக்கு எதுவுமின்றி, இன்று முதல் உடனடியாக முழு டையில் அழுத்தப்பட வேண்டும். வில்லியம் எழுதினார். மூன்று கை உயர்ந்தன. டாக்டர் கை உயர்த்தவில்லை, மறுக்கவும் இல்லை.

நான் கேட்டேன். கேட்காமல் விட்டேன் என்று யாரும் பிறகு சொல்லக் கூடாது. "சார், யோசிச்சுத்தான் சொல்றீங்களா? எல்லாக் கூடுமா?"

"எல்லாம்னா எல்லாம். உனக்குத் தமிழ் விளங்காதா?"

"விளங்குது சார்."

"குட். அடுத்த ஞாயிறு கோலாலம்பூர்ல போட்டி. பழைய ரைஃபிள விக்கல, அதையே எடுத்துட்டுப் போறேன். அந்த நூறையும் நாளைக்கு நிரப்பி வை. லெட்டர்ல வேர்ட்ஸ கொஞ்சம் மாத்தித் தர்றேன், திங்கக்கெழம சைன் பண்ணிடு."

"நாப்பது பேர் முன்னாடி குடிகாரன்னு சொன்னீங்க. நாப்பது பேர் முன்னாடி இல்லைன்னு சொல்லுங்க. அது வரைக்கும் நான் எதுலயும் கையெழுத்துப் போடமாட்டேன்."

"அது நடக்காது," என்றார். கமிட்டி கலைந்தது.

நான் பெட்டியை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தேன். கூட்டை டைக்குள் அழுத்துகிற பிரஸ்ஸிலிருந்து கழுத்து டையைக் கழற்றி வைத்துவிட்டு முழு டையை மாட்டினேன். முதல் கூட்டில் விரலால் கொஞ்சம் கிரீஸ் தடவி வைத்து நெம்புகோலை இழுத்தேன். பித்தளை முனகுகிற சத்தம் கேட்டது. கூடு இறங்கி வந்தபோது அது கடைக் கூடாக இருந்தது. நாலு வருடம் அந்த அறையில் வெடித்து வெடித்து வாங்கிக்கொண்ட அளவு ஒரே இழுப்பில் போய்விட்டது. அதைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் பழைய துப்பாக்கியில் மறுபடி சுட்டு, மறுபடி வெட்டி, இளக்கி, எடைபார்க்க வேண்டும். அவர் கையில் ஒன்பது நாள்தான் இருந்தது. எனக்கும் வலிக்காமல் இல்லை. அவற்றைச் செய்தவன் நான். ஆனால் குடிகாரன் என்ற அந்தச் சொல் அதைவிட அதிகமாக வலித்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளப்பில் எப்போதும் கூட்டம் இருக்கும். தாழ்வாரத்தில் முப்பது பேராவது கிளாஸோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்த ஞாயிறு மைதானத்தில் இருந்த முகங்கள்தான் பாதிக்கு மேல். என் மேசை தாழ்வாரத்தைப் பார்த்துத்தான் இருந்தது. முப்பது கூடு முடித்திருப்பேன், பரமநாதன் அந்தப் பக்கமாக வந்தார். நெம்புகோல் சத்தம் அவருக்குத் தெரிந்த சத்தம்தான். ஆனால் இந்த முனகல் வேறு. நின்று பார்த்தார்.

"என்ன பண்றே?"

"தீர்மானம் சார். முழு டை."

"இது என் பழைய ரைஃபிளோட கூடு."

"ஆமா சார். விதிவிலக்கு இல்லைன்னு சொன்னீங்க. உடனடியான்னும் சொன்னீங்க." இன்னொன்றை எடுத்து வைத்து இழுத்தேன்.

அவர் முகம் மாறியது. நல்ல சுடுகிறவர் என்று சொன்னேனே, நான் செய்துகொண்டிருந்தது என்னவென்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. "நிறுத்து," என்றார்.

"கமிட்டி சொன்னா நிறுத்துறேன் சார். உங்க ஒரு ஆள் பேச்சக் கேட்டு தீர்மானத்த மீறினா, அதுக்கும் ஒரு லெட்டர் அடிப்பீங்க." சொல்லிக்கொண்டே இன்னும் இரண்டை இழுத்தேன்.

தாழ்வாரத்திலிருந்து இரண்டு மூன்று பேர் எழுந்து வந்து மேசையருகே நின்றார்கள். அப்துல் ரசாக் அண்ணன் ஆயுத அறை வாசலில் கைகட்டி நின்றார். "டாக்டர்," என்று பரமநாதன் கூப்பிட்டார், குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டர் தன் கிளாஸை வைத்துவிட்டு மெதுவாக நடந்து வந்தார்.

"தீர்மானத்த கேன்சல் பண்ணுங்க. இப்பவே."

"பண்ணலாம் பரம்," என்றார் டாக்டர். "காரணம் எழுதணுமே. என்னன்னு எழுதச் சொல்லட்டும் வில்லியத்த?"

நான் இழுப்பதை நிறுத்தவில்லை. முப்பத்தெட்டு. முப்பத்தொன்பது. பரமநாதன் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், சுற்றி நிற்பவர்களைப் பார்த்தார். நாற்பது. நாற்பத்தொன்று.

"துப்பாக்கிய மாத்தினத நான்தான் சொல்லல," என்றார். "கூட்டுல தப்பு இல்ல."

நாற்பத்திரண்டாவதை டையின் வாயில் வைத்து நெம்புகோலைப் பிடித்துக்கொண்டேன். "குடிச்சிட்டு செஞ்சேன்னு சொன்னது?"

"அதுவும் தப்பு."

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல சார்."

அவர் என்னை முறைத்தார். கண்ணில் தண்ணீர் நின்றதா, கோபத்தில் சிவந்ததா, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ஆசையும் இல்லை. பிறகு தாழ்வாரம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னார். "இராயப்பன் குடிச்சிட்டு வேலை செய்யல. அன்னைக்கு நான் சொன்னது பொய்."

டாக்டர் அதையே காரணமாக எழுதித் தீர்மானத்தை ரத்துசெய்யும்படி வில்லியத்திடம் சொன்னார். நெம்புகோலிலிருந்து கையை எடுத்தேன். அழுத்தாத ஐம்பத்தொன்பதை ஒரு பெட்டியிலும் அழுத்திய நாற்பத்தொன்றை வேறு பெட்டியிலும் போட்டு, இரண்டின் மேலும் எழுதி ஒட்டி அவர் முன்னால் வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வெளியே வந்தபோது வில்லியம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அமலம்மாள் நாலடி தள்ளி நின்றாள். "நீ ஜெயிச்சிட்டே, சரி," என்றார். "இனிமே அங்க இருந்தா உன்ன யாரு மதிப்பாங்க? மரியாதையா நீயே ராஜினாமா எழுதிக் குடுத்துட்டுப் போயிடு. அதான் உனக்கு நல்லது."

"பரமநாதன் சார் எழுதிக் குடுத்துட்டாரா?" என்று கேட்டேன்.

"அவரு ஏன் குடுக்கணும்?"

"தப்பு செஞ்சவரே இருக்காரு. நான் எதுக்குப் போகணும்?"

திங்கட்கிழமை காலை வழக்கமான ஃபெரியில் ஏறி வேலைக்குப் போனேன். முழு டையைக் கழற்றி எடுத்துத் துடைத்து உள்ளே வைத்துவிட்டு, கழுத்து டையை மாட்டினேன்.